நாற்பதுக்கும் மைனஸ் இருபதுக்கும் நடுவே ஒரு சைக்கிள்

எத்தனை டிகிரி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் பின்லாந்தின் குளிரைக் கேட்கிறார்கள். இங்கே ஊலு நகரத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் தமிழ்நாட்டு வெயிலைக் கேட்கிறார்கள். மைனஸ் 25 என்றால் அங்கே வாயைப் பிளக்கிறார்கள், 41 என்றால் இங்கே. இரண்டிலும் சைக்கிளில் போய்வந்திருக்கிறேன் என்று சொல்லும்போது இரண்டு பக்கமும் ஒரு மரியாதை கிடைக்கிறது. அந்த மரியாதையை நெடுநாள் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் 41-ம் சரி, மைனஸ் 25-ம் சரி, என்னை அவ்வளவாகப் படுத்தியதில்லை. படுத்தியவையெல்லாம், சொன்னால் யாரும் அசராத எண்கள்: சென்னையில் 33, ஊலுவில் பூஜ்யம்.

பூமியைக் காப்பாற்றவோ இடுப்பைக் குறைக்கவோ நான் சைக்கிள் ஓட்டவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பிடிக்காது. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போவது அதைவிடப் பிடிக்காது. ஆட்டோவுக்குக் காசு கொடுக்க மனசே வராது. இந்த மூன்று குணமும் அம்மாவிடமிருந்து வந்தவை.

அம்மா சைக்கிள் கற்றுக்கொண்ட கதை புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பழையது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். கல்குவாரிப் பெண்கள், வயல் வேலைக்காரர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று சாயங்காலமானால் பொட்டலில் விழுந்து எழுந்து பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே நல்லது என்று ஆகிவிட்டது. அப்படிப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அம்மா மிதிக்கும்போது அவள் மூச்சு என் உச்சந்தலையில் படும். சித்திரை வெயிலில்கூட அந்த மூச்சு இரைத்ததாக எனக்கு நினைவில்லை.

இரைக்காமல் ஓட்டுவதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. "வெயிலோட சண்டை போடக் கூடாது ஆத்தா. மிதிக்கிறமான்னு பாக்குறவங்களுக்குச் சந்தேகம் வரணும்" என்பாள். கிளம்பும் முன் ஒரு சொம்பு நீராகாரம், உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. வழியில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் திட்டுவாள்: "தாகம் எடுத்த பொறவு குடிக்கிறது கடன் கட்டுற மாதிரித்தான். அசல் அடையாது." தோளில் ஈரத்துண்டு. நேர் வழியில் வெட்டவெளி என்றால் ஒரு மைல் சுற்றிப் புளியமரச் சாலையில் போவாள். பதினோரு மணிக்கு மேல் சைக்கிள் வேப்பமரத்தடியை விட்டு நகராது. மூன்றரைக்கு அப்புறம்தான் அடுத்த நடை. 

பள்ளிக்கூடத்தில் உடலியல் படித்தபோது அம்மாவின் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. நாம் சாப்பிட்டுச் செலவழிக்கிற ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி மூன்று பங்கும் உடம்புக்குள்ளேயே சூடாகிறது. அதாவது வெயில் வெளியில் இருப்பது பாதிக் கதை. மிதிப்பவளே ஒரு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டுதான் போகிறாள். அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரிச் சூட்டைக் கொண்டுபோகும். ஆவியாக வேண்டும், அதுதான் நிபந்தனை. சொட்டிக் கீழே விழுந்த வியர்வை ஒன்றையும் எடுத்துப் போவதில்லை. புதுக்கோட்டையின் வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அம்மாவின் ரவிக்கை முதுகில் உப்புக் கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். 41 டிகிரியில் அவள் இரைக்காமல் போனதற்கு அந்த வறட்சியும் ஒரு துணை.

சென்னைக்கு வேலைக்கு வந்தபோது இந்த ஞானத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கரணையில் வீடு, துரைப்பாக்கத்தில் அலுவலகம். நடுவில் ரேடியல் ரோடு, சதுப்பு நிலத்தைக் கிழித்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம். பூநாரைகள் ஒரு பக்கம், பெருங்குடிக் குப்பைமேட்டின் வாடை இன்னொரு பக்கம், மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கிழக்கே போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே. மாலையில் மேற்கே திரும்பும்போதும் சூரியன் முகத்துக்கு நேரே. எந்தப் புண்ணியவான் இந்தத் திசையில் சாலை போட்டானோ என்று தினம் ஒருமுறை திட்டியிருக்கிறேன்.

வெயில் 33 தான். அம்மா போனில் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். ஆனால் காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சென்னையில் சாதாரணம். வியர்வைக்குப் போக இடமில்லை. வழிகிறது, கண்ணில் இறங்கி எரிகிறது, முழங்கையிலிருந்து சொட்டுகிறது; உடம்பு மட்டும் ஆறுவதில்லை. மிதித்துக்கொண்டே இருக்கும்வரை நாமே உண்டாக்கும் காற்று கொஞ்சம் காப்பாற்றும். சிக்னலில் நின்ற நிமிடம் அதுவும் போய்விடும். பக்கத்தில் பஸ் எஞ்சின் வேறு. துரைப்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழப்போகிறது என்று தூரத்திலேயே தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து ஊர்ந்து, பச்சை விழும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரப் பழகினேன். காலை ஊன்றாமல் கடந்த நாள் நல்ல நாள்.

அந்தச் சாலை இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. மாலையில் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். நான் மேற்கே போகிறேன். முதுகில் தள்ளுகிற காற்று. சைக்கிள்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். காற்று மணிக்கு 15 கிலோமீட்டர், நானும் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் என் உடம்பின் மீது படும் காற்று பூஜ்யம். மிதிக்க இலேசு, வேக்காடோ தாங்காது. எதிர்க்காற்றில் மூச்சு முட்ட மிதித்துப் போன நாட்களில் நான் காய்ந்த சட்டையோடு வீடு சேர்ந்திருக்கிறேன். பின்காற்றில் சுகமாகப் போன நாட்களில் பிழிந்துதான் எடுக்க வேண்டும்.

அலுவலகம் போய்ச் சேர்வது வேறு கதை. சைக்கிளை பேஸ்மென்டில் விட வாட்ச்மேன் சம்மதிக்க மாட்டார். காருக்கும் டூவீலருக்கும்தான் இடமாம். வெளியே டீக்கடைப் பக்கத்தில் கம்பத்தோடு பூட்டுவேன். "கார் லோன் இன்னும் கிடைக்கலையா?" என்று ஒருவர் லிஃப்டில் கேட்டார், வேடிக்கையாகத்தான். சிரித்தேன். ஆனால் என்னைக் கூசவைத்தது சைக்கிளும் இல்லை, கேள்வியும் இல்லை. முதுகோடு ஒட்டிக்கொண்ட சுடிதாரோடு லிஃப்டில் நாலு ஆண்களுக்கு நடுவே நிற்பதுதான் கூசியது. ஆண்கள் வியர்த்து வந்தால் உழைப்பு என்று பார்க்கப்படுகிறது. அதே வியர்வை ஒரு பெண்ணின் மீது வேறு மாதிரிப் பார்க்கப்படுகிறது. படியேறிப் போக ஆரம்பித்தேன், அதனால் இன்னும் வியர்த்தது.

கடைசியில் கைகொடுத்தவர் அந்த மாடியைத் துப்புரவு செய்த அக்கா. துடைப்பமும் ஃபினாயிலும் வைக்கிற சின்ன அறையை எனக்குத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு கொடி கட்டி, "ஈரத்த இங்க போடு, சாயங்காலம் காஞ்சிடும். கீழ ஏசி தண்ணிக் குழாய் போகுது, அது பக்கம் போடாத, காயாது" என்றார். இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: வந்தவுடனே மாத்தாத. முதலில் அது எனக்குப் புரியவில்லை. ஓட்டி முடித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பு வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். உள்ளே சூடு மிச்சமிருக்கிறது, வெளியே காற்று நின்றுவிட்டது. அவசரப்பட்டுப் புதுச் சட்டையைப் போட்டால் அதுவும் போச்சு. அதனால் ஈரத்துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு, அந்த அறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, அக்காவோடு கதை பேசிவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்வேன். மேலாளர் கூட்டங்களைவிட அந்த வாளியின் மேல் நான் கேட்ட அலுவலகச் செய்திகள் நம்பகமானவை.

வெயிலுக்கு உடம்பு பழகும் என்பதும் அப்போது தெரிந்தது. லீவுக்குப் பிறகு முதல் வாரம் தலை கிறுகிறுக்கும். பத்து நாள், இரண்டு வாரம் விடாமல் ஓட்டினால் உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும்: இரத்தத்தில் நீர்ப்பங்கு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது. விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் கரைந்துபோகும். உடம்பு இந்த விஷயத்தில் வட்டி கொடுக்காத பாங்கி. போட்டதை வைத்திருக்காது, தினம் கட்ட வேண்டும். 

ஊலுவுக்கு வந்தது ஓர் ஆகஸ்டில். வடக்கே 65 டிகிரி அட்சம், போத்னியா வளைகுடாக் கரையில், ஊலு ஆறு கடலில் சேருமிடம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். நகரத்தில் 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளுக்கும் நடைக்குமான பாதை. பெரிய சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கவழியாகப் போய்விடலாம், சிக்னலே குறைவு. பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன், பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கிற ரகம். நகர மையத்திலிருந்து மெரிகோஸ்கிப் பாலங்களைத் தாண்டி, துய்ரா வழியாக லின்னன்மாவில் வேலை. அக்டோபர் கடைசியில் எல்லோரும் சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள், நானும் பஸ் அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நவம்பர் வந்தது, பனி விழுந்தது, யாரும் எடுத்து வைக்கவில்லை. காலை விடிவதற்கு முன்பே பாதையில் பனியைத் தள்ளி, மிச்சத்தை அழுத்தி, மேலே கோடு கோடாகக் கீறிச் சொரசொரப்பாக்கிவிட்டுப் போகிறார்கள். 2013-ல் குளிர்கால சைக்கிள் ஓட்டம் பற்றிய முதல் சர்வதேச மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. மெட்சோகங்காஸ் என்ற புறநகர்ப் பள்ளியின் வாசலில் பனிக்கு நடுவே நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள் நிற்கும். ஏழு வயதுப் பிள்ளைகள் மைனஸ் 17-ல் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ஊரில், நான் எந்த முகத்தோடு பஸ் அட்டை வாங்குவது?

எனக்குப் பாடம் எடுத்தவர் பக்கத்து மேசைக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தவர். அதிகம் பேசாதவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டை விட்டு இறங்கும்போது குளிர வேண்டும். சுகமாக இருந்தால் ஒரு சட்டை அதிகம்" என்றார். திருப்பூர் பருத்திப் பனியன் உள்ளே போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் முகம் சுளித்தார். பருத்தி நீரை உறிஞ்சும், விடாது. நமக்கு அது வரம். ஈரத்துண்டாக மேலே கிடந்து குளிர்விக்கும். மைனஸ் 20-ல் அதே குணம் ஆளைச் சாய்த்துவிடும். மிதிக்கும்போது வியர்த்த பனியன், நின்றதும் ஐஸாக முதுகில் ஒட்டும். மெரினோ ஆட்டுக் கம்பளியில் உள்சட்டை, மேலே காற்றுப் புகாத மெல்லிய அங்கி, அதுவும் முன்பக்கம் மட்டும் தடுத்தால் போதும், முதுகுப் பக்கம் ஆவி போகத் திறப்பு. விரல்களைப் பிரிக்காத கையுறை. இவ்வளவுதான். தடிமனான கோட்டு எதுவும் இல்லை. மைனஸ் 15-ல் நான் உடுத்தியது, தெருவில் நடந்து போகிறவர்கள் உடுத்தியதைவிடக் குறைவு.

ஏனென்றால் அந்த அடுப்பு இங்கேயும் கூடவே வருகிறது. பள்ளிக்கரணையில் எதை வெளியே தள்ளத் தவித்தேனோ அதே மூன்று பங்குச் சூடு இங்கே என் சொத்து. அளவாக மிதித்தால் உடம்பு கதகதப்பாக இருக்கும், கூடுதலாக மிதித்தால் வியர்க்கும், வியர்த்தால் ஆபத்து. மிதிக்கிறாளா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வர வேண்டும் என்ற அம்மாவின் சட்டம், ஒரு திருத்தமும் இல்லாமல், பனிக்கட்டியின் மேலும் செல்லுபடியானது. போனில் சொன்னேன். "அங்கயும் அப்படித்தானா?" என்றாள், ஆச்சரியப்படாமல்.

காற்று மட்டும் கட்சி மாறிவிட்டது. மைனஸ் 10-ல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் கணக்குப்படி, முகத்துக்கு அது மைனஸ் 18. பாலத்தின் மேல் ஆற்றுக்காற்றும் சேர்ந்தால் இன்னும் கீழே. கன்னம் மரத்துப்போய், பேசினால் உதடு சொன்னபடி கேட்காது. இமை மயிரில் மூச்சின் ஆவி உறைந்து வெள்ளையாகத் தொங்கும். இங்கே பின்காற்றுதான் தெய்வம். சிக்னலில் நிற்பது சுகம். நின்றதும் முகம் இலேசாக உயிர் பெறும். சென்னையில் பச்சையை எண்ணி ஊர்ந்தவள், இங்கே பாலத்துக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரே சிக்னலில் சிவப்பு விழாதா என்று ஆசைப்பட்டேன்.

மைனஸ் 20-ல் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் ஒரே கிராம். 33 டிகிரியில் அதே அளவு காற்று 35 கிராம் வரை தாங்கும். கடுங்குளிர் என்பது ஒரு வறட்சி என்று இதைப் படித்தபோதுதான் விளங்கியது. பனி மாவாகக் கிடக்கும், ஒட்டாது. டயருக்கு அடியில் கிறீச் கிறீச்சென்று பேசும். நன்றாகப் பிடி கிடைக்கும். ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சட்டை நனையாது, செயின் நனையாது. அந்த வகையில் மைனஸ் 20 புதுக்கோட்டைச் சித்திரைக்குச் சொந்தக்காரன்.

சென்னை எப்போது வரும் என்றால், பூஜ்யத்தில் வரும். மார்ச்சில், சில வருஷம் டிசம்பரிலேயே. பகலில் உருகும், ராத்திரி உறையும். காலையில் பாதை முழுக்க நேற்றைய சக்கரத் தடங்கள் கல்லாக இறுகிக் கிடக்கும், முன்சக்கரம் அதில் விழுந்தால் அது போன வழிக்குத்தான் நாமும் போக வேண்டும். பத்து மணிக்குச் சேறும் பனியும் கலந்த குழம்பு கணுக்கால்வரை தெறிக்கும். எல்லாவற்றிலும் மோசம், பனிக்கட்டியின் மேல் மழை. கட்டி மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம். நான் விழுந்தது மைனஸ் 27-ல் இல்லை. வானொலியில் "இதமான வானிலை" என்று சொன்ன ஒரு காலையில், சுரங்கவழிக்கு இறங்கும் சின்ன வளைவில், பிரேக்கைத் தொடக்கூட இல்லை. ஒரு கணம் சைக்கிள் கீழே இருந்தது, அடுத்த கணம் இல்லை. முழங்கையில் வீக்கம், இடுப்பில் நீலம். பின்னால் வந்த ஒரு பாட்டி இறங்கி, என் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்து, என் டயரைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். பின்னிஷ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது.

அந்த வாரமே ஆணி டயர் வாங்கினேன். டயரின் ரப்பரில் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சிற்றாணிகள் நூற்றுக்கணக்கில். பனிக்கட்டியில் அது கடித்துக்கொண்டு போகிறது. பனி விலகித் தார் தெரியும் இடத்தில் சடசடவென்று சத்தம் போடும். விலை, நான் சைக்கிளுக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஆட்டோக் காசுக்கு யோசிக்கிற எனக்கு அது வலித்தது. ஆனால் முழங்கை அதைவிட வலித்ததால் கொடுத்தேன். 

சைக்கிளுக்கும் குளிர் ஒன்றும் செய்வதில்லை, ஈரம்தான் செய்கிறது. முதல் குளிர்காலத்தில் பாவம் என்று ராத்திரி அதைக் கட்டடத்துக்குள் சூடான அறையில் வைத்தேன். ஒட்டியிருந்த பனி உருகி முன்பிரேக் கேபிளின் உறைக்குள்ளும் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளும் இறங்கியது. காலையில் வெளியே எடுத்துப் பத்து நிமிடத்தில் அது உறைந்தது. காலுக்கு ஒரு தடையும் இல்லாமல் பெடல் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டிய சின்னப் பற்கள் ஒட்டிக்கொண்டு எழ மறுக்கின்றன. அன்றிலிருந்து சைக்கிள் வெளியே குளிரிலேயே கிடக்கிறது. உறைந்தது உறைந்தபடி இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. காற்று அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 20 டிகிரி அறையில் 60 பிஎஸ்ஐ அடித்த டியூபில் மைனஸ் 20-க்குப் போனால் 50 அளவுக்குத்தான் இருக்கும். புதுக்கோட்டை சைக்கிள் கடையில் சித்திரையில் முழுக் காற்று அடிக்க மாட்டார்கள், வெயிலில் நிறுத்தினால் பழைய ஒட்டு விட்டுக்கொள்ளும் என்று. இரண்டு ஊர்க் கடைக்காரர்களும் ஒரே விதியை இரண்டு முனையிலிருந்து பிடித்திருக்கிறார்கள்.

இருட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிசம்பர் கடைசியில் மூன்றரை மணி நேரம்தான் பகல். போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். விளக்கின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மனசு அந்த மாதத்தில் கனமாகத்தான் இருக்கும். சைக்கிளில் போன நாளில் கொஞ்சம் குறைவாக.

எனக்கு உறுத்தியது வேறு. யாரும் என்னைப் பாராட்டவில்லை. சென்னையில் சைக்கிளில் வந்தால் ஒன்று பரிதாபப்படுவார்கள், இல்லையென்றால் "எப்படிப்பா முடியுது!" என்பார்கள், இரண்டுமே ஒருவகைக் கவனிப்பு. ஊலுவில் மைனஸ் 22-ல் இமையெல்லாம் வெள்ளையாகப் போய் நின்றேன். "காலை வணக்கம்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் இமையும் வெள்ளையாகத்தான் இருந்தது. பாதையில் என்னைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் என்னைவிட வயதானவர்கள், ஹேண்டில்பாரில் காய்கறிப் பையோடு. கஷ்டப்பட்டு வருகிறேன் என்ற பெருமையை ஒரு சம்பளப்படியாகவே இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கே தெரிந்தது. அந்தப் படி நின்றுபோனதும், கொஞ்ச நாள் ஓட்டவே சலிப்பாக இருந்தது.

இங்கே எல்லோரும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: மோசமான வானிலை என்று எதுவும் இல்லை, மோசமான உடைதான் உண்டு. ஸ்வீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் தங்களுடையது என்பார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த பழமொழி என்று பார்த்ததுமே தெரிகிறது. குளிருக்கு மேலே மேலே போட்டுக்கொள்ளலாம். வெயிலுக்கு ஓர் அளவுக்கு மேல் கழற்ற முடியாது, அதிலும் பெண்ணென்றால் அந்த அளவு கழுத்துக்கே வந்துவிடும். 33 டிகிரியில் ரேடியல் ரோட்டில் எந்த உடையும் யாரையும் காப்பாற்றாது. மரம் காப்பாற்றும். ஏழு மணிக்குள் கிளம்பினால் காப்பாற்றும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு குழாயும் கொடியும் இருந்தால் காப்பாற்றும். 

ஊலு அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. ஷவர், பூட்டுள்ள பெட்டிகள், ஈர உடையைத் தொங்கவிட்டுக் கதவை மூடினால் சூடான காற்றடித்து ஒரு மணி நேரத்தில் காயவைக்கும் உயரமான அலமாரி. அதைக் கட்டியவர்கள் யாரும் அதைச் சலுகையாக நினைத்திருக்க மாட்டார்கள். குளியலறையும் காயவைக்கும் அலமாரியும் அவர்களுக்குக் கட்டடத்தின் ஒரு பகுதி. நான் துடைப்ப அறையில் வாளியின் மேல் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே செய்கிறேன். உறையும் குளிரில் இந்த ஊர் சைக்கிள் ஓட்டுவதற்கு அந்த ஆணி டயரைவிட இந்த அலமாரிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். 

போன மே மாதம் லீவில் ஊருக்குப் போனேன். கத்திரி நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பி, பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றியது, காலில் நரம்பு இழுத்தது. ஊலுவில் சேர்த்தது எதுவும் இங்கே செல்லாது. வழியில் வந்த ஒருவர் மோர் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளே எடுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலையோடு வந்தாள். அறுபதைத் தாண்டியவள்.

அப்படியே சென்னையிலும் இரண்டு நாள் இருந்தேன். பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண், பெரும்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரத் தொடங்கியிருக்கிறாள். யாரோ என்னைப் பற்றிச் சொல்லி, டீக்கடையில் வந்து பார்த்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன்: சீக்கிரம் கிளம்பு, மெதுவாக மிதி, உப்புப் போட்ட மோர், பின்காற்றை நம்பாதே, வந்ததும் மாற்றாதே. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிக்கா, எங்க மாத்துறது?" என்றாள். அந்த அக்கா வேலையை விட்டுப் போய்விட்டாராம். துடைப்ப அறை இருந்த இடத்தில் கண்ணாடி போட்டு மீட்டிங் ரூம் ஆக்கிவிட்டார்கள்.

அவள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களிடம், பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் பெண்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். போனில் டைப் செய்து வைத்திருந்த விண்ணப்பத்தைக் காட்டினாள். சின்ன அறை ஒன்று, அதில் ஷவர், ஃபேன், சுவரில் கொக்கிகள், உள்பக்கம் தாழ்ப்பாள். ஷவர் என்றதுமே செலவைக் காட்டி மறுத்துவிடுவார்கள், அதைக் கடைசிக்குத் தள்ளு என்றேன். தாழ்ப்பாளை முதலில் எழுதச் சொன்னேன். ஃபேன் இல்லாவிட்டால்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம்.